ஏழு நிமிஷ நாடகம்

பாகூரிலிருந்து திருபுவனைப் பக்கம் இருக்கிற ஒரு சோப்புக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேனில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஓட்டுக் கேட்கிற கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கண்றாவியையெல்லாம் வண்டிக்குள் பேசக் கூடாது என்று டிரைவர் சூசைநாதன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். இது சிரிப்புக் கட்சி. ஒன்று, வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதும் புகழேந்தியின் கட்சி. மற்றொன்று, செல்போனில் காமெடி வீடியோ போடும் குமாரி–குமரன் என்கிற அக்கா தம்பியின் கட்சி.

அக்கா தம்பி கட்சிக்குத் தலைவி ஜெயசித்ரா. நாற்பத்தோரு வயது. பாகூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். பத்தாவது பாஸ் பண்ணிய கையோடு கல்யாணம் முடித்துவிட்டார்கள். புருஷன் செல்லக்கண்ணு கொத்தனார். நல்ல மனுஷன்தான், குடி அடி என்று ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சிரிக்க மாட்டான். டிவியில் காமெடி ஓடினாலும் புயல் எச்சரிக்கை கேட்கிற மூஞ்சியோடு உட்கார்ந்திருப்பான். அப்படி ஒரு வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளுக்குள் ஒரு நடிகை உட்கார்ந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? வேனில் ஏறிய பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது.

கரிக்கலாம்பாக்கம் தாண்டினால் சில நாள் சிக்னல் போய்விடும். குமாரி–குமரன் வீடியோ பாதியில் நின்று வட்டம் சுற்றும். அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டே, "வந்துக்கினே இருக்கேன்க்கா, பஸ்ல செம கூட்டம்" என்று தம்பி போனில் புளுகுகிற இடத்தில் ஒருநாள் அது நின்று போனது. "ஐயய்யோ, அப்புறம் இன்னா ஆச்சி?" என்று பின்சீட்டு சுகன்யா துடித்தாள். ஜெயசித்ரா முந்தின நாளே பார்த்திருந்தாள். எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா குரலிலும் தம்பி குரலிலும் மீதியை நடித்துக் காட்டினாள். சிக்னல் திரும்பி வந்தபோது, "அத்த ஆஃப் பண்ணுடி, இதுதான் நல்லா இருக்குது" என்றாள் தையலம்மாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற தையலம்மாள் லேசில் யாரையும் பாராட்டுகிறவள் இல்லை.

புகழேந்தி கட்சிக்குத் தலைவி சகாயராணி. வில்லியனூர் மாதா கோயில் நிறுத்தத்தில் ஏறுவாள். ஜெயசித்ராவைவிட மூன்று வயது இளையவள், இரண்டு பேருக்கும் ஒரே பேக்கிங் லைன். அவள் கையில் பத்திரிகை இருக்கும். ஏறியதும், "வீடியோவ நிறுத்துங்கடி, நெனச்ச நேரத்துக்குப் பல்லக் காட்டுறதுக்குப் பேரு காமெடியா? இதக் கேளுங்க" என்று புகழேந்தியைப் படிக்க ஆரம்பிப்பாள். புகழேந்தி இன்வெர்ட்டர் வாங்கிய கதை வண்டி முழுக்கப் பிரசித்தம். கரண்ட் போனால் எரியாதாம், கரண்ட் வந்ததும் ஜம்மென்று எரியுமாம். கடைக்காரனைக் கேட்டதற்கு, "அது கரண்டுக்குத் துணைக்கு சார்" என்றானாம். இதை ராணி முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் படிப்பாள். படித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும். முதலில் தோள் குலுங்கும், பிறகு விக்கல் மாதிரி இரண்டு சத்தம், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஐயோ மாதாவே!" அந்த "ஐயோ மாதாவே"க்காகவே வண்டி இன்னொரு தரம் சிரிக்கும்.

இரண்டு தலைவிகளும் கொஞ்ச நாள் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். அப்புறம் என்ன மாயமோ, ஒரே சீட்டில் ஒட்டிக்கொண்டார்கள். ராணி ஏறும் வரை பக்கத்துச் சீட்டில் ஜெயசித்ரா பையை வைத்து இடம் பிடிப்பாள், அந்த இடத்தில் உட்காரப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ராணி பத்திரிகையை அவளுக்குக் கொடுத்தாள், அவள் வீடியோக்களை ராணிக்கு அனுப்பினாள். "உன் அக்கா தம்பிய நேத்து ராத்திரி பாத்தேன்க்கா, எங்க வூட்டுக்காரு பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நெனச்சிக்கினாரு" என்று ராணி ஒருநாள் ஒப்புக்கொண்டபோது ஜெயசித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குப் பிடித்தது இன்னொரு ஜென்மத்துக்கும் பிடித்திருக்கிறது! வயிறார அதைப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. இதைவிட ஒரு சிநேகிதிக்கு என்ன வேண்டும்?

அப்படித்தான் அந்த நாடகங்கள் பிறந்தன. ராணி எழுதுவாள், ஜெயசித்ரா நடிப்பாள். சோப்பு அட்டையின் பின்பக்கத்தில் ராணி எழுதிக்கொண்டு வருவாள். சாயங்காலம் கம்பெனி கேட் தாண்டியதும் நாடகம் தொடங்கும், வில்லியனூரில் ராணி இறங்குவதற்குள் முடிந்துவிடும்.

அதில் பேர்போனது ஏழு நிமிஷ நாடகம். ஷிப்ட் இன்சார்ஜ் பலராமன் பெண்கள் பாத்ரூம் போனால் வாட்சைப் பார்ப்பான். ஏழு நிமிஷம் தாண்டினால், "உள்ள இன்னா குடித்தனமா பண்றீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பான். மாசத்தில் நாலு நாள் பெண்களுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ராணி எழுதிய நாடகத்தில் பலராமன் சாரின் பெண்சாதி பிரசவத்துக்குப் போகிறாள். வாசலில் வாட்சோடு நிற்கிற சார் டாக்டரைக் கூப்பிட்டு, "ஏழு நிமிஷத்துல வெளிய வரணும் மேடம், இல்லன்னா புள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுடுவேன்" என்கிறார். ஜெயசித்ரா இல்லாத தொந்தியைத் தள்ளிக்கொண்டு, இல்லாத வாட்சைத் தட்டிக்கொண்டு இதைச் சொன்னதும் சூசைநாதன் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். ஹாரன் பாம் என்று அலறியது. தையலம்மாளுக்குச் சிரிப்பு இருமலாக மாறி மூச்சு முட்டியது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பேக்கிங்கில் ஒரு இடம் பர்மனென்ட் ஆகப் போகிறது என்று சொன்னார்கள். ஒரே ஒரு இடம். காண்ட்ராக்டில் இருந்தவர்களில் இரண்டு பேரை எடுத்து வைத்திருந்தார்கள், ஜெயசித்ராவும் சகாயராணியும். ஜெயசித்ராவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி மாளாது. செல்லக்கண்ணு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து கொத்து வேலைக்குப் போவதில்லை. பெரிய மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். இனி அந்த வீடு நிற்பது இவள் ஒருத்தியின் வேலையில்தான். இருந்தாலும் ராணியிடம் அவள் சொன்னது இதுதான்: "உனக்கு வந்தாலும் சந்தோசம், எனக்கு வந்தாலும் சந்தோசம். மூஞ்சத் தூக்கிக்கக் கூடாது, ஆமா." ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போக்கா, உனக்குத்தான் குடுப்பாங்க" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயசித்ராவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பர்மனென்ட் ஆர்டர்தான் என்று நினைத்து, தலையுறையைக் கழற்றி முடியைச் சரி செய்துகொண்டு போனாள் பாவி. மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பலராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேஜையில் ஒரு போன். மேனேஜர் தட்டினார். படம் கறுப்பாக இருந்தது, பைக்குள் வைத்து எடுத்திருப்பார்கள் போல. சத்தம் மட்டும் கணீரென்று வந்தது. "ஏழு நிமிஷத்துல வெளிய வரணும் மேடம்..."

ஜெயசித்ரா கழற்றிய தலையுறையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"இது உங்க குரல்தான?"

"ஆமா சார்."

"இதை எழுதிக் குடுத்தது யாரு? அதையும் சொல்லிட்டா உங்க விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்."

அவள் யோசிக்கவே இல்லை. "யாரும் இல்ல சார். நானேதான்" என்றாள். ராணிக்கும் பிள்ளைகள் இருக்கின்றன, ஒருத்தி போனால் போதாதா என்று அவள் மனசு சொன்னது. அந்த நிமிஷத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. "எழுதினவங்க பேரு எங்கயாவது வருதான்னு பாப்போம்" என்று மறுபடி முதலிலிருந்து போட்டார். முதல் தரம் பயத்தில் தன் குரலை மட்டும்தான் ஜெயசித்ரா கேட்டிருந்தாள். இந்தத் தரம் சிரிப்புகளைக் கேட்டாள். தினமும் கேட்கிற சிரிப்புகள் ஆயிற்றே, கண்ணை மூடிக்கொண்டு ஆள் சொல்லுவாள். மூக்கால் உறிஞ்சுகிறது சுகன்யா. இருமுகிறது தையலம்மாள். ஹாரன், சூசைநாதன் அண்ணன். பின்சீட்டில் கைதட்டுகிறவர்கள், ஜன்னல் பக்கம் கீச்சென்று கத்துகிறவள், எல்லோரும் இருந்தார்கள். விக்கல் இல்லை. "ஐயோ மாதாவே" இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கடைசி வரை காத்திருந்தாள். போன் நின்றுவிட்டது.

இது நடந்த அன்றைக்கும் ராணி பக்கத்துச் சீட்டில்தான் இருந்தாள். தான் எழுதிய நாடகத்துக்குச் சிரிக்காமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. மடியில் இருக்கிற பைக்குள் ஓடுகிற போனை வைத்துக்கொண்டிருப்பவளைத் தவிர வேறு யார் அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? அடிப்பாவி, அடிப்பாவி என்று ஜெயசித்ராவுக்கு உள்ளே அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் ராணியின் பேர் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, "போலாமா சார்?" என்று கேட்டாள்.

மாசக் கடைசியோடு அவள் காண்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று காகிதம் வந்தது. பர்மனென்ட் இடம் சகாயராணிக்குப் போனது. வேனில் எல்லோரும் எவனோ ஆபீஸில் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று ஆளில்லாத திசையில் சாபம் விட்டார்கள். ராணியும் சேர்ந்து விட்டாள். ஜெயசித்ரா அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் அதே சீட்டில், அதே பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ராணி புகழேந்தியைப் படித்தாள். ஒருநாள் ஜெயசித்ராவுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த வாயால் படிக்கிறாள், எந்த வாயால் நான் சிரிக்கிறேன் என்று தன் மேலேயே அருவருப்பு வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் குமாரி–குமரனைப் போட்டுப் பார்த்தாள். அக்காவும் தம்பியும் என்னென்னவோ செய்தார்கள். பாதியில் அணைத்துவிட்டாள்.

கடைசி நாள் சாயங்காலம் வண்டி கேட்டைத் தாண்டியது. தையலம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"ஏ சித்ரா, இனிமே உன்ன எங்கடி பாக்கப் போறோம். போற அன்னைக்கி அழுதுக்கினே போவணுமா? ஒரு தபா அந்த ஏழு நிமிசத்தச் செய்யி. இனிமே உன்ன எவன் இன்னா பண்ணிடுவான்?"

ஜெயசித்ரா எழுந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொந்தியைத் தள்ளினாள், வாட்சைத் தட்டினாள். என்றைக்கும் செய்யாத மாதிரி அன்றைக்குச் செய்தாள். அழுகை வர இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அழுதார்கள். ராணிக்கும் தோள் குலுங்கியது. விக்கல் இரண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ மாதாவே!" என்றாள்.

ஜெயசித்ரா அப்படியே நிறுத்தினாள்.

"இப்ப வருது பாரு சிரிப்பு. அன்னைக்கி ஏன்டி வரல?"

"இன்னாக்கா?" என்றாள் சுகன்யா.

"ஆபீசுல போட்டுக் காட்டுனாங்க. உன் சிரிப்பு இருந்திச்சி, தையலம்மா இருமலு இருந்திச்சி, அண்ணன் ஹாரன் இருந்திச்சி. இந்த வண்டியில இவ ஒருத்தி சிரிப்புதான் இல்ல."

எல்லோரும் ராணியைப் பார்த்தார்கள். இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம், சாட்சி கிடையாது. சொல்லவில்லை.

"துப்பட்டாவ வாயில கவ்விக்கினு உக்காந்திருந்தேன்க்கா" என்றாள் தலையைக் குனிந்துகொண்டே. "சத்தம் வந்துடப் போவுதுன்னு. சாவற மாதிரி இருந்திச்சி. அவ்ளோ நல்லா செஞ்சக்கா அன்னைக்கி. வேலையிலயும் நீதான்க்கா கெட்டி. உனக்குத்தான் குடுத்திருப்பாங்க. அதான் எடுத்துனு போயி பலராமன் சாரு கைல குடுத்தேன்."

அவளிடமிருந்து இப்படி ஒரு பாராட்டை ஜெயசித்ரா அதுவரை கேட்டதில்லை. அது நெஞ்சில் எங்கே போய்க் குத்தியது என்று அவளால் சொல்ல முடியாது. சீட்டில் உட்கார்ந்தாள்.

"எழுதுனது யாருன்னு கேட்டாங்கடி" என்றாள். "பேரச் சொன்னா என் விசயத்த யோசிக்கறோம்னாங்க. நானேதான்னு சொல்லிட்டேன்."

ராணி நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது.

வில்லியனூர் வந்தது. சூசைநாதன் மாதா கோயில் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார். ராணி எழவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். யாரும் அவளை எழுப்பப் போகவில்லை. ஜெயசித்ராதான் காலை மடக்கி அவளுக்கு வழி விட்டாள்.

"எறங்குடி" என்றாள். "நாங்க வூட்டுக்குப் போவணும்."