களைப்பாறிய பூமி

ஆம், நான்தான் சொன்னேன். அந்த நிலம் யாருக்கும் வேண்டாத நிலம் என்று... பொய் என்று தெரிந்தே சொன்னேன்!

தொண்ணூறுகளின் கடைசியில் அடையாற்றில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு ஆலைகள் கக்கும் புகைக்கு ஈடாக நம் மலைகளில் காடு வளர்க்க வேண்டும். அதற்கு அந்த ஆலைக்காரர்கள் பணம் தருவார்கள். நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நம்பினேன்... நம்ப விரும்பினேன்.

நிலம் பார்க்கப் போன மலையில் ரங்கி என்ற பெண் புதர் மண்டிய ஒரு சரிவை எனக்குக் காட்டினாள். "காடுன்னு நெனைச்சிராதீங்கம்மா. எங்க சாமை வெளையிற பூமி. நாலஞ்சு போகம் எடுத்துட்டு சும்மா விட்ருவோம். களைப்பாறட்டும்னு! அப்புறம் திரும்ப வந்து வெதைப்போம்." அன்று அவள் வீட்டில் சாமைக் களியை வயிறு நிறையத் தின்றேன்.

தி.நகர் ஓட்டலில், பணம் தர வந்திருந்த வெள்ளைக்காரர்கள் என்னிடம்தான் கேட்டார்கள், அங்கே யாராவது பயிர் செய்கிறார்களா என்று. என் முதலாளி என்னைப் பார்த்தார். என் வேலையை நிரந்தரமாக்குவதாக அன்று காலையில்தான் வாக்குக் கொடுத்திருந்தார். நான் என்ன சொன்னேன் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே!

சரிவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். உள்ளே கால் வைத்தால் வழக்கு. ரங்கி ஊராரோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

காவலாளி மாடிக்கு ஓடி வந்தான். "மேடம், மலைலேந்து யாரோ வந்துகீறாங்க. உங்களாண்ட பேசணுமாம். இன்னா சொல்றது?"

"நான் இங்க இல்லைன்னு சொல்லிடுப்பா."

ஜன்னல் வழியே பார்த்தேன். வெகுநேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார்கள். வெட்கப்பட்டேனா? இல்லை... பசித்தது. சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் பாண்டி பஜாரில் புடவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பாதி கட்டிய கடை ஒன்றின் முன்னால் தலையில் செங்கல்லோடு ரங்கி! ஓடிவிடத்தான் நினைத்தேன். அவள் சுமையை இறக்கிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அங்க இல்லேன்னு வாட்ச்மேன் சொன்னப்பவே தெரிஞ்சிக்கிட்டோம்மா. எங்களுக்காகப் பேசியிருப்பீங்க. அதான் வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க! பூமி போனது எங்க தலைவிதி. எங்களால உங்க பொழப்பும் போச்சே..."

அழுதாள். நடுத்தெருவில் நின்று எனக்காக அழுதாள்! உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா நான்? வாய் வரைக்கும் வந்தது...

"பரவாயில்லை, ரங்கி" என்றேன். பாவி நான், அவளை மன்னித்தேன்!