பதினொரு இலுப்பைத் தொட்டிகள்

போன மாதம், வெளிநாட்டில் நான் குடியிருக்கும் டூங்கபியில் பெருங்காற்று அடித்த அன்று, காலை பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் உலர்ந்த எலும்பு ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கூடவே எலுமிச்சை இலை நசுங்கிய வாசனையும் வந்தது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், ஒருக்கா வந்து பாருங்கோ, ஆரோ வாளால அறுத்த மாதிரிக் கிடக்கு." அவள் வளர்த்த எலுமிச்சை மரம், ஒட்டுப் போட்ட இடத்தில் வழவழவென்று முறிந்து கிடந்தது. அடிக்கட்டையில் துளிர்த்திருந்தவை எலுமிச்சை இலைகள் அல்ல; முள்ளோடு, மூன்று மூன்றாக இருந்தன. அந்த வேருக்கு இந்த எலுமிச்சை ஒத்துவராது என்று சொன்னேன். "அப்ப ஏன் அங்கிள் ஆறு வருசம் காய்ச்சது?" என்று கேட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா பெரியகுளத்துப் பக்கம் ஒட்டுச்செடிப் பண்ணை வைத்திருந்தார். சப்போட்டாவுக்குப் பாலைக் கன்றுதான் வேர்ச்செடி. பாலை காட்டு மரம். பென்சில் கனம் வருவதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் காற்றுக்கும் பிரியாது. கன்றுத் தொட்டியை மரத்தோரம் கட்டிய பரணில் ஏற்றி, கன்றின் தண்டையும் சப்போட்டாத் தாய்மரத்தின் கிளையையும் ஒரே அளவுக்குச் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டும் ஒன்றானதும் கன்றின் தலையையும் கிளையின் அடியையும் வெட்டிவிடுவார்கள். அந்த வேலையில் அப்பாவிடம் இருந்தவர் மூக்கையா அண்ணன். அவர் கட்டியது நூற்றுக்கு இரண்டு தவறினால் அதிகம்.

கோடை விடுமுறையில் இருநூறு பாலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி எண்ணி வைப்பது என் பொறுப்பு. அப்பாவின் சட்டம் எளிமையானது: "எத்தனை குறையுதோ, அத்தனை." புளிய விளாறு பரணிலேயே செருகியிருக்கும். நான் மூன்று நாள் ஊர்ப் பையன்களோடு வாய்க்காலில் கிடந்துவிட்டு வந்து பார்த்தால், பதினொரு கன்றுகள் காய்ந்து சுள்ளியாக நின்றன. போன தடவை நான்கு குறைந்ததற்கு விழுந்த நான்கு அடியின் காயம் தொடையில் இன்னும் ஆறவில்லை. வாய்க்கால் கரையில் இலுப்பை மரத்தடியில் கன்றுகள் மண்டிக் கிடந்தன. கிள்ளினால் பாலையைப் போலவே வெள்ளைப் பால் வந்தது. பதினொன்றைப் பிடுங்கித் தொட்டிகளில் வைத்துப் பின்வரிசையில் நிறுத்தினேன். அப்பா தூரத்திலிருந்து எண்ணினார். இருநூறு இருந்தது.

கட்ட வந்த மூக்கையா அண்ணனுக்கு ஒரு பார்வை போதும். "தம்பி, இது இலுப்பையில்ல? ரெண்டும் சொந்தந்தான், ஆனா சம்பந்தம் நிக்காது."

"சொல்லிராதீங்கண்ணே, பதினொண்ணு விழும்."

அவர் என் தொடையைப் பார்த்தார். "கணக்குல மட்டும் புலிதான்" என்று சிரித்து, இலுப்பை இலைகளை உருவிப்போட்டுவிட்டு, பதினொன்றையும் ஒரே தாய்மரத்தில் கட்டினார். எல்லாமே பிடித்தன. தலையை வெட்டியபின் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே மரத்துச் செடிகள் என்பதால் ஒரே வண்டியில், தவசி என்ற விவசாயியின் தோட்டத்துக்குப் போயின.

ஆறாம் வருடம் ஆடிக்காற்றில் அந்தப் பதினொன்றும், ஒரே வாரத்தில், ஒட்டு வாயில் முறிந்து விழுந்தன. தவசி ஓர் அடிக்கட்டையை வேரோடு பெயர்த்துத் தோளில் போட்டு வந்தார். அதில் இலுப்பைத் துளிர் விட்டிருந்தது. கட்டையை அப்பாவின் காலடியில் எறிந்துவிட்டு, அவர் சட்டையைப் பிடித்து முகத்தில் இரண்டு அறை விட்டார். அப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. தவசி இடுப்பிலிருந்து அரிவாளை உருவினார். "எந்தக் கைய்யா கட்டுச்சு? அந்தக் கையக் காட்டு!"

அப்பா பரண் பக்கம் ஓடினார். மூக்கையா அண்ணனின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, அந்த அடிக்கட்டையையே எடுத்து அடிக்க ஆரம்பித்தார். "சொல்லுடா, நீதான வச்ச?" நான் ஏழு அடி தள்ளி நின்றேன்; பதினைந்து வயது. மூன்றாவது அடி காதில் விழுந்தது. ஐந்தாவதைத் தடுக்க அவர் வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆறாவதும் அதே கையில். அப்போது அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "ஆமா மொதலாளி, நாந்தான்" என்றார். அதற்குப் பிறகும் ஐந்து விழுந்தன. தவசி அரிவாளைச் செருகிக்கொண்டு, "போதும், செத்துரப் போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூக்கையா அண்ணனின் விரல்களில் இரண்டு அதன்பின் மடங்கவே இல்லை. சீவுகத்தி பிடிக்க முடியாமல் ஊரைவிட்டே போய்விட்டார். அப்பா இறக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

எலுமிச்சை முறிந்த அன்று சொந்தக்காரர்கள் நான்கு பேரைப் பிடித்து, மூக்கையா அண்ணனின் பேத்தியுடைய எண்ணை வாங்கினேன். பண்ணை இப்போது வீட்டு மனைகளாகிவிட்டதையும், வாய்க்கால் கரையில் ஓர் இலுப்பைகூட மிச்சமில்லை என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். வீடியோ அழைப்பில் அவர் வந்தார். எண்பத்தாறு வயது, பல் இல்லை. நான் இன்னார் மகன் என்றேன். இலுப்பையை வைத்தது நான், அன்று விழுந்த பதினொன்றும் எனக்கு விழவேண்டியவை என்று சொல்லி முடித்தேன்.

அவர் போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். "எந்த அடியச் சொல்றீக தம்பி? என்னைய அடிச்சவுக ஒருத்தரா, ரெண்டு பேரா? எண்ணியா வச்சிருக்கேன்?" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பேத்தியிடம் கேட்டது இங்கே தெளிவாகவே கேட்டது.

"யாரு தாயி இவரு? எதுக்கு அழுகுறாரு?"