மூன்று நாள் மன்னிப்பு

அந்த ஆங்கில வினைச்சொல்லை வருடக்கணக்கில் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 'கன்டோன்' என்றால் தவறைக் கண்டும் காணாமல் விடுவது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை வாக்கியம் அமைக்கச் சொல்வேன். கல்லூரியில் வருகை குறைந்தவர்கள் பரீட்சை எழுத வாங்குகிற அனுமதிக்கும் அதே சொல்தான். அது ஒரு நாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் இருந்த கணவர் வீட்டை விட்டு ஆதம்பாக்கத்தில் அம்மாவிடம் வந்துவிட்டேன். அவர் அடித்ததில் என் இடது காது இன்றும் மந்தம். கொடுமை தாங்கவில்லை என்று விவாகரத்து வழக்கும் போட்டாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மாமியார் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாமனார் போய் வருடம் ஆகப்போகிறது.

"மாமாவோட வருஷாப்திகம் வரதுடி. ஆம்படையா இல்லாம அவன் எப்படிப் பண்ணுவான்? மூணே நாள் ஆத்துக்கு வந்துட்டுப் போயிடு. உன் கால்ல வேணா விழறேன்."

அந்த வீட்டில் எனக்காக நடுவில் வந்து நின்ற ஒரே ஜீவன் மாமனார்தான். ஒருமுறை எனக்கு விழ வேண்டிய அடி அவர் தோளில் விழுந்தது. அவருக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறேன்? போனேன். மடிசார் கட்டிக்கொண்டு திவசச் சமையல் செய்தேன். வந்த பிராமணர்களின் காலைக் கணவர் கழுவ, பக்கத்தில் நின்று தண்ணீர் வார்த்தேன். ராத்திரி மாமியாரோடு கூடத்தில் படுத்தேன். காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் என் வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினார். லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் அவருடைய ஆபீஸ்.

"ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? கேஸ் நடக்கும்போது அங்க போய்த் தங்கலாமா? நீங்க கன்டோன் பண்ணிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் தரப்புல சொல்றாங்க. திவசம் பண்ணிவெச்ச சாஸ்திரிகளே சாட்சிக்கு வராராம்."

"நான் எங்க மேடம் மன்னிச்சேன்?"

"வாயால சொல்லணும்னு இல்லம்மா. திரும்பிப் போய்ப் பொண்டாட்டியா நின்னாலே மன்னிச்சதாதான் எடுத்துப்பாங்க. அப்புறம் கேஸ் நிக்காது."

எனக்கு வந்ததே கோபம். இங்கிலீஷ் டீச்சருக்கே அர்த்தம் சொல்கிறாரே! அவர் தலையணை கனத்துக்கு ஒரு சட்ட அகராதியை எடுத்து என் முன்னால் போட்டார். படித்தேன். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் கொடுத்துவிடுவது என்று பொருளாம். நம் 'தானம்' என்ற சொல்லுக்குத் தூரத்து உறவு. இங்கிலாந்தில் திருச்சபை நடத்திய நீதிமன்றங்களில், தப்புச் செய்த கணவனோடு திரும்பிப் போய் வாழ்ந்தவள் மன்னித்துவிட்டாள் என்று கணக்காம். அகராதியில் தூங்கிக் கிடந்த வினைச்சொல், அங்கே விவாகரத்துச் சட்டம் வந்த பிறகுதான் ஜனங்கள் வாயில் புழங்கியதாம். எந்த ஊர்ப் பாதிரியோ எவளைப் பார்த்தோ சொன்ன தீர்ப்பு, கடல் தாண்டி வந்து என் தலையில் விடிந்திருக்கிறது. இனி அந்த வீட்டுக்கே போ என்று கோர்ட்டு சொன்னால் நான் உயிரோடு இருக்கமாட்டேன். அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அடியில பாருங்க" என்றார் வக்கீலம்மா. அந்த மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இனிமேல் செய்யமாட்டான் என்ற நம்பிக்கையில் கொடுத்தது அது. அவன் மறுபடி செய்தால், மன்னித்த பழைய குற்றமெல்லாம் உயிர்பெற்று எழுந்துவிடும்.

"நமக்கு இது ஒண்ணுதான் வழி. அந்த மூணு நாள்ல கையை ஓங்கினாரா? திட்டினாரா? ஏதாவது?"

யோசித்தேன். வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். பந்தி முடிந்து நான் சுவரோடு சாய்ந்திருந்தபோது, கணவர் பக்கத்தில் வந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். கல்யாணமாகி அப்படி ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல்முறை.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரு அடிகூடவா இல்ல?"

"இல்ல, மேடம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வெடித்தது. அடிக்காமல் விட்டானே பாவி என்று அழுதேன்.