வலி நின்ற பல்

"வலி தானா நின்னுபோச்சுங்க டாக்டர்" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பல் டாக்டர் கோபப்படக் கூடாதுதான். ஆனால் பல்வலி தானாக நின்றால், உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம். அதை நான் கல்லூரியில் கற்கவில்லை. பத்து வயதில் என் வாயிலேயே கற்றேன்.

எங்கள் ஊரான முதலமடையில் அது மாங்காய் பறிக்கிற காலம். அம்மாவின் தம்பி, என் மாமன், எங்கள் தோப்புக்கு வந்திருந்தார். பறிக்க வந்த பெண்களுக்கு முன்னால் வீரம் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரே இழுப்பில் ஒரு கொத்தையே இறக்குகிறேன் பார் என்று தொரட்டியை வெடுக்கென்று இழுத்தார். கொத்து வரவில்லை. தொரட்டியின் மூங்கில் அடிமுனை பின்னால் நின்றிருந்த என் முன்பல்லில் வந்து மோதியது.

"அப்பங்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு." மாமனின் வாயில் முதலில் வந்தது அதுதான். ரத்தத்தை அப்புறம்தான் பார்த்தார். அப்பாவுக்கும் அம்மாவின் பிறந்த வீட்டுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது. ஓடிவந்த அம்மாவும் என் வாயைக் கழுவிவிட்டு, சொல்லாதே என்றாள். சில நாளில் வலி நின்றது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று மாமன் சிரித்தார்.

பிறகு பல் மெல்லக் கறுத்தது. அப்பா கேட்டபோது அம்மா கூசாமல் சொன்னாள்: "எங்கீங்க ஒழுங்கா வெளக்கறா? எந்நேரமும் முட்டாயி." அன்றோடு எனக்கு மிட்டாய் நின்றது. பள்ளிக்கூடத்தில் ஊத்தவாய் என்று பட்டம் வேறு. இடித்தது அவர், பட்டம் எனக்கு!

மறுவருடம் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வடிந்தது. மாமன்தான் தன் பைக்கில் என்னையும் அம்மாவையும் பக்கத்து டவுனான சித்தூருக்குக் கூட்டிப்போனார். அங்கே மலையாளி டாக்டரம்மா ஒருவர், ஜில்லென்ற பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்துப் பார்த்தார். மற்ற பற்களில் சுரீர் என்றது. கறுத்த பல்லில் ஒன்றுமே தெரியவில்லை. எக்ஸ்ரேயில் அதன் வேர் நுனியில் ஒரு கறுப்பு வட்டம்.

"சொத்தை இல்லையே. அடி வல்லதும், ஏதாவது, பட்டுச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க" என்று மாமன் முந்திக்கொண்டார். "எல்லாம் முட்டாயித் தின்னுதானுங்க. புடுங்கிப்போடுங்க, கட்டுப்பல்லு வெச்சுக்கலாம்."

பிடுங்குவதாம்! யார் பல்லை யார் பிடுங்கச் சொல்வது? "மாமாதான் தொரட்டீல இடிச்சாங்க!" என்று கத்தினேன். அம்மா என் தொடையைத் திருகினாள். "சும்மா சொல்லுதுங்க" என்றாள். டாக்டரம்மா அவளுக்குப் பதில் சொல்லாமல், எப்போது பட்டது, எந்தப் பல் ஆடியது என்று என்னிடமே கேட்டார். பக்கத்துப் பல்லையும் தட்டிப் பார்த்தார்.

"எடுக்க வேண்டா மோளே. உள்ளே செத்ததைச் சுத்தம் பண்ணி அடைச்சா பல்லு நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை. மாமன் வாசலில்தான் நின்றிருந்தார். அப்பா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் திரும்பி, "இனி நீ உம்பட பொறந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். மாமனுக்கு நன்றாக வேண்டும் என்று நான் குதித்தேன்.

மாமனுக்கு என்ன கெட்டுப்போனது? அடுத்த சீசனில் லாரியோடு எங்கள் தோப்புக்கே வந்தார். அப்பாவும் அவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து மாங்காய் விலை பேசினார்கள், டீ குடித்தார்கள். டீ போட்டுக் கொடுத்தது அம்மா.

அந்த வருடம் அம்மாவின் பிறந்த ஊரில் நோம்பி, கோயில் திருவிழா, வந்தது. அன்று காலையில் அவள் குளித்து, புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். அப்பா சொன்னதிலிருந்து அந்த ஊர்ப்பக்கமே போகாதவள் எதற்கு இப்படிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "எங்கம்மா போற?" என்று அவளிடமே திரும்பத் திரும்பக் கேட்டேன்.