சோமசேகரம் காருக்குள் பெய்த மழை

பொதுப்பணி இலாகாவின் குடிநீர்ப் பகுதியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர் சோமசேகரம். எங்கள் ஊர் தெப்ராவில் எந்தச் சாலைக்கு அடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் காருக்குள் தண்ணீர் குளம்போல் நின்றது. எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன். சிரிக்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டேன்.

தண்ணீர் நின்றது இடப்பக்கம், முன்னிருக்கையின் காலடியில். அது அவர் மனைவி மீனலோசனி அம்மாவின் இடம். மழை பெய்த மறுநாள் அந்த அம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்.

அவர்களுடைய மகன் விஜயேந்திரனுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். போன வருஷம் அப்பா குடியிருப்பு வாசலில் உள்ள காவலர் கொட்டகைத் தூணில் காரை உரசியதிலிருந்து, வண்டியை விற்றுவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். எழுபத்து நான்கு வயதுக்காரர் லேசில் மசிவாரா? கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஒழுகுவது நின்றால் கார் இருக்கும், நிற்காவிட்டால் விற்றுவிட வேண்டும். அன்றிலிருந்து சோமசேகரத்துக்குச் சரியான தூக்கம் இல்லை. கார் போய்விட்டால், சனிக்கிழமைக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிழவனாகிவிடுவேன் என்று என்னிடமே சொன்னார். பயந்துதான் போயிருந்தார்.

வண்டி ஸ்கூடாயில் உள்ள ஜெயபாலன் பட்டறைக்குப் போனது. ஜெயபாலன் முதலில் கதவு ரப்பரை மாற்றினான். காற்றடித்துத் தூசி தட்டிவிட்டு, சோமசேகரத்தை டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார வைத்து, மேலே ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக் காட்டினான். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. பிறகு கழுவித் துடைத்து, “சியாப், அங்கிள்” என்று, வேலை முடிந்ததை மலாயில் சொல்லிச் சாவியைக் கொடுத்தான். பட்டறைக்குப் போய் வந்த வண்டியைப் பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்பது மீனலோசனி அம்மாவின் சட்டம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் குருக்கள் தீபம் காட்ட, அம்மா முன் கண்ணாடி மீது கைநிறைய உதிரிப்பூவும் அட்சதையும் தூவினார். பத்தே நாளில் ஒரு மழை வந்தது. காலடியில் மறுபடியும் குளம்.

அடுத்த முறை முன் கண்ணாடியைக் கழற்றிப் பசை போட்டான். பிறகு ஏர்கோன் குழாய் என்றான். ஒவ்வொரு தடவையும் காற்றடித்தான், கழுவினான், சியாப் என்றான். ஒவ்வொரு தடவையும் பூஜை நடந்தது, குளம் திரும்பியது. அந்த ஆளுக்கு வெட்கம் என்பதே கிடையாது. மூன்றாவது முறை போய்க் கேட்டபோது, “அது போன லீக் அங்கிள், இது புது லீக்” என்றானாம், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

டிசம்பர் கடைசி. சோமசேகரம் பட்டறையை நாலு வார்த்தை திட்டிவிட்டு, தானே பானட்டைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றினார். மழைநீர் வடிந்து போகும் ஓட்டை அங்கே இருந்தது. அதை அழுகிய சாமந்திப்பூவும் ஊறிப்போன மஞ்சள் அரிசியும் இறுக்கமாக அடைத்திருந்தன. வடிய வழியில்லாத தண்ணீர், காற்று உள்ளே போகும் வழியாகக் காருக்குள் இறங்கியிருக்கிறது. ஜெயபாலன் செய்த ஒரே சரியான வேலை, காசு வாங்காமல், தனக்கே தெரியாமல் காற்றடித்ததுதான். அது ஒவ்வொரு தடவையும் அடைப்பை நீக்க, பூஜைப்பூ திரும்பவும் அடைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, அரை வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மடமடவென்று ஓடி, கீழே தரையில் விழுந்தது. காலடி காய்ந்தே இருந்தது. மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

“மீனா, உன் அம்மன்தான் அடைச்சு வச்சிருக்கா. இனிமே பூ வேணாம். கார் சியாப்.”

மீனலோசனி அம்மா சிரிக்கவில்லை. எங்களுக்குக் கொண்டுவந்த காப்பியை மதில் மேல் வைத்தார்.

“கார் சரியாகணும்னு நான் அம்மன்கிட்ட கேக்கலங்க. நீங்க ஓட்டுறத நிறுத்தணும்னுதான் கேட்டேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“வலது பக்கம் வர்ற மோட்டார் சைக்கிள் உங்க கண்ணுக்குத் தெரியல. இந்த வருஷம் மூணு தடவ. மூணு தடவயும் அந்தப் பையங்கதான் ஒதுங்கிப் போனாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல.”

நான் அங்கே நின்றிருக்கக்கூடாது. சோமசேகரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பானட்டை மெதுவாக மூடினார்.

மூன்றாம் நாள் நல்ல மழை. மழை விட்டதும் காரைத் திறந்து காலடியில் கை வைத்துப் பார்த்தார். நானும் வைத்துப் பார்த்தேன். துளி ஈரமில்லை. சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

“இன்னும் ஒழுகுதுடா. அந்த ஜெயபாலன் சரியில்ல. வித்துரு.”