மேவிஸ் போட்ட சரளைக் கரை

ஹாடன்ஷாவில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரை நிறுத்திக் கேட்டாலும், மேவிஸ் கையால் வாங்கிய உருளைக்கிழங்கு மசியலையும் திட்டையும் சேர்த்தே நினைவு வைத்திருப்பான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். பட்டாணியை மசியலுக்கு அடியில் ஒளித்துவைத்த எவனும் அவளிடம் தப்பியதில்லை. கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவப் போடும்வரை அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நான் நம்மூரை விட்டு இந்த இங்கிலீஷ்காரர் ஊருக்கு வந்து, அவள் பக்கத்து வீட்டில் குடியேறி முப்பது வருஷமாகிறது. இந்த ஊரில் நான் கையெடுத்துக் கும்பிடக்கூடிய ஆள் ஒருத்தி உண்டென்றால் அது மேவிஸ்தான். கும்பிட்டால் அதற்கும் திட்டுவாள்.

குளிர்காலம் முடிகிற சமயம், முதல் வெதுவெதுப்பான மழை பெய்கிற சாயங்காலம், மேட்டுக் காட்டிலிருந்து தேரைகள் இறங்கும். பழைய பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவை முட்டையிட்ட இடம் அது. நடுவில் மில் லேன் குறுக்கிடும். வேலை முடிந்து ஜனங்கள் காரில் வீடு திரும்புகிற நேரமும் அதுதான் என்பதால், மறுநாள் காலையில் அந்தத் தெருவைப் பார்க்கச் சகிக்காது. அதற்காக மேவிஸ் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக நடுத்தெருவில் நிற்பாள். தேரைகளைப் பொறுக்கி வாளியில் போட்டு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவாள். கார் வந்தால் கையைக் காட்டி நிறுத்துவாள்.

“ஏய், டேரன்தானே நீ? கேரட்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஓடினவன்?”

“மிஸஸ் ஹார்கிரீவ்ஸ், அதெல்லாம் நடந்து இருபது வருஷமாச்சு.”

“கேரட்டுக்கு அது தெரியுமா? எறங்குடா. அந்த இன்னொரு வாளியைப் புடி.”

டேரன் பளபளக்கும் ஆபீஸ் ஷூவோடு இறங்கி வாளியைப் பிடிப்பான். பெரிய பெண் தேரையின் முதுகில் சின்ன ஆண் தேரை இறுகக் கட்டிக்கொண்டு வருவதுண்டு. அதைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்டி மேவிஸ் சொல்லுவாள்: “பாத்தியா கண்ணு? நடக்கிறது பூரா இவ. சவாரி பூரா அவன். எந்தச் சாதியானாலும் ஆம்பளை ஆம்பளைதான்.”

அந்தக் குளத்தை ஒரு கோடையில் மூடினார்கள். ஆலையை இடித்துவிட்டு அங்கே வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் குடியிருக்க வீடு வேண்டாமா என்று ஊரே பேசியது. மேவிஸும் வேண்டாமென்று சொல்லவில்லை. வேலியோரம் நின்று, லாரிகள் மண்ணைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“வர்ற மார்ச்ல வருவாங்க, கண்ணு. வந்து பாத்தா குளம் இருக்காது. அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்க எங்க போவாங்க?”

பந்தியில் வந்து உட்கார்ந்தவனுக்குச் சோறில்லை என்று சொல்ல நேர்ந்தவள்போல அவள் முகம் சுருங்கியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றே கவலை.

மேவிஸ் வீட்டின் கொல்லை மில் லேனை ஒட்டியது. ஆனால் கொல்லை முழுக்கப் புல்தரை, அதுவும் அவள் புருஷன் கிளிஃபின் புல்தரை. கிளிஃப் அதிகம் பேசுகிறவன் அல்ல. பேச வேண்டியதையெல்லாம் வெட்டும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு புல்லிடம் பேசிவிடுவான். கரும்பச்சையும் இளம்பச்சையுமாகப் பட்டை பட்டையாக, புடவைக்கரை தோற்றுவிடும். ஊர்த் தோட்டப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் கணப்படுப்புக்கு மேல் வரிசையாக நிற்கும். நான் குடிவந்த அன்று அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே “புல்லை மிதிக்காதே” என்பதுதான்.

அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேவிஸ் நேரடியாகக் கேட்டாள்.

“கிளிஃப், உன் புல்தரை வேணும். குளம் வெட்டணும்.”

“என் கிட்னி ஒண்ணை எடுத்துக்கோயேன்.”

“கிட்னியில தேரை முட்டை போடாது.”

மறுநாள் மண்வெட்டியை எடுத்தாள். கிளிஃப் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பனாகத் தவித்தான். மத்தியானம்வரை பொறுத்துவிட்டு, நூலும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“வெட்டுறதுதான் வெட்டுற, கோணல்மாணலா வெட்டாதே. பாக்கிறவன் என்னைத்தான் காறித் துப்புவான்.”

அதன்பிறகு வேலை அவனுடையதாகிவிட்டது. நூல் பிடித்தாற்போல நீள்சதுரக் குழி. அடியில் பழைய கம்பளம், அதன்மேல் ரப்பர் விரிப்பு. சுற்றிலும் வெட்டுக்கல் பலகைகளைப் பதித்தான். அவை இரண்டு விரல் அகலம் தண்ணீரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கல்லில் ரசமட்டத்தை வைத்தாலும் குமிழ் நடுவில் நிற்கும். குளிர்கால மழை குளத்தை நிறைத்தது. “நீச்சல் உடுப்பு எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். மேவிஸ் சிரித்தாள். எங்கள் யாருக்கும் அதில் குறையிருப்பது தெரியவில்லை.

மார்ச்சில் தேரைகள் வந்தன. குளம் இருந்த இடத்துக்குத்தான் நேராகப் போயின. கட்டட வேலைக்காரர்கள் அடைத்திருந்த பலகை வேலியில் முட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தன. மேவிஸ் பொறுக்கியெடுத்து வாளியில் கொண்டுவந்து தன் குளத்தில் விட்டாள். அடுத்த சாயங்காலம் அவை ஏறி வந்து, திரும்ப அதே வேலிக்கே போயின. அவள் திரும்பக் கொண்டுவந்தாள். அவை திரும்பப் போயின. எனக்கு முதுகு விட்டுப்போயிற்று.

“எங்க பக்கம் ஒண்ணு சொல்லுவாங்க, மேவிஸ். கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளப்பாருன்னு. கொஞ்சம் அவருகிட்ட விட்டுட்டு வாயேன், டீ குடிக்கலாம்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “கல்லுக்குள்ள இருக்கிறதை அவரு பாத்துக்கட்டும். தெருவுல இருக்கிறதை யாரு பாக்கிறது? வாளியை எடு.”

அவ்வளவு அலைச்சலுக்கும் ஒரு சில ஜோடிகள் மட்டும் குளத்திலேயே தங்கின. நீர்ச்செடியைச் சுற்றிக் கருமணிச் சரம்போல முட்டைகள் கிடந்தன. அவை தலைப்பிரட்டைகளாகின. கிளிஃப் ஒன்றையும் கவனிக்காதவன் மாதிரி இருப்பான். ஆனால் காலைத் தேநீரைக் குளத்தடியில்தான் குடித்தான்.

ஜூனில் கால் முளைத்து, கை முளைத்து, வால் சுருங்கியது. அவை கரையேறும் நாள் வந்தது. ஆனால் ஏறுவதற்குக் கரை எங்கே? நான்கு பக்கமும் வழவழப்பான ரப்பர் சுவர், அதற்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல். முட்டையிட வந்த தாய்கள் நீளக் கால்களால் உந்தித் தாண்டிவிட்டன. இவை விரல் நகத்தளவு உயிர்கள். சுவரில் ஒட்டி ஏறி, கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி, விழுந்து, திரும்ப ஏறின. தண்ணீருக்குள் மூச்சுவிடும் காலம் அவற்றுக்கு முடிந்துவிட்டது. காலையில் நான் வேலிக்கு மேலாகப் பார்த்தபோது மேவிஸ் முழங்காலிட்டு, சமையலறைச் சல்லடையால் செத்தவற்றை அரித்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

“நாலு பக்கமும் சுவத்தைக் கட்டி வெச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன், கண்ணு.”

கிளிஃப் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். உயிரோடு இருந்த சிலவற்றுக்காக ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். பிறகு கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையைக் கொண்டுவந்தான். ரசமட்டம் வைத்துத் தன் கையால் பதித்த கற்களை, காட்டுப்பக்கத்துக் கரையிலிருந்து ஒவ்வொன்றாக அவனே நெம்பி எடுத்தான்.

அந்தப் பக்கத்தை மேவிஸ் சரிவாக்கினாள். முதலில் வந்த சரளை உடைத்த ஜல்லி, முனை முனையாக இருந்தது. ஒரு கை அள்ளி முன்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தாள். கீறல் விழுந்தது.

“என் தோலே கிழியுது. அதுங்க வயித்தால ஊர்றதுங்க. திருப்பி எடுத்துட்டுப் போ,” என்றாள் வண்டிக்காரனிடம். அவனும் அவளிடம் சாப்பிட்டவன்தான். மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்து வந்தது ஆற்றுச் சரளை, பட்டாணிபோல உருண்டை. அதை அப்படியே கொட்டினால் தண்ணீர் சேறாகிவிடும். பெரிய சல்லடையில் அள்ளி அள்ளி, நம் வீடுகளில் அரிசி களைவதுபோல, தெளிந்த தண்ணீர் வரும்வரை களைந்தாள். விரல்கள் சிவந்து தடித்துப்போயின. நானும் களைந்தேன். என் சல்லடையை எட்டிப் பார்த்து, “இதைப் பிள்ளைங்களுக்குப் போடுவியா நீ?” என்று திரும்பக் களையச் சொன்னாள்.

போட்ட சரளை நிற்கவில்லை. ஒரே மழையில் அத்தனையும் வழுக்கிக்கொண்டு அடிக்குப் போய்விட்டது. நானாயிருந்தால் அன்றோடு தலைமுழுகியிருப்பேன். அவள் மில் லேனைத் தாண்டிப் போய், கட்டட மேஸ்திரியிடம் ஆலைச் சுவரை இடித்த கற்களைக் கேட்டாள். புகை படிந்து கறுத்துப்போன கற்கள். கிளிஃப் தள்ளுவண்டியில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்தான். சரிவின் குறுக்கே அவற்றைப் படிகளாகப் பதித்து, இடுக்குகளில் கூழாங்கல்லை அடைத்து, ஒவ்வொரு கல்லின் முதுகுப்புறமும் சரளையை நிரப்பினாள். இப்போது சரளை அசையவில்லை. தண்ணீர் ஆழத்திலிருந்து ஆரம்பித்து, கணுக்காலளவாகி, விரலளவாகி, வெறும் ஈரமாகிப் புல்லில் முடிந்தது. ரசமட்டத்தை அந்தப் பக்கம் கொண்டுவரவே அவள் விடவில்லை.

மிஞ்சிய கற்களை மூலையில் இடைவெளி விட்டு அடுக்கினாள். பனிக்காலத்தில் தேரைகள் அடைந்துகிடப்பதற்கு. அடுக்கி முடித்து என்னைக் கூப்பிட்டாள்.

“இந்தா, உன் கடவுளுக்குக் கல்லு தயார். இனிமே படியை அளக்கச் சொல்லு.”

மறுவருஷமும் அதே வேலி, அதே வாளி. இம்முறை இன்னும் சில ஜோடிகள் தங்கின. ஜூன் கடைசியில் தோட்டப் போட்டி. நடுவர்கள் வருகிற காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கிளிஃப் கோட்டும் டையும் அணிந்து புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தான். கடைசிப் பட்டையை நடுவர்கள் வருவதற்குச் சற்று முன்பு போடுவது அவன் வழக்கம். குளத்தருகே வந்தவன் நின்றுவிட்டான். சரளைக் கரை நெளிந்துகொண்டிருந்தது. கல்லுக்குக் கல் தாவி, சரளை மேல் ஊர்ந்து, புல்லுக்குள் நுழைந்துகொண்டிருந்தன குட்டித் தேரைகள். புல் முழுவதும் அவைதான்.

மேவிஸ் பின்வாசலில் நின்று அவனையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பேசாமல் நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

கிளிஃப் இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துப் பூட்டினான். தொப்பி வைத்த நடுவரம்மாள் உள்ளே கால் வைக்கும்போது கதவருகே போய் இரண்டு கையையும் விரித்தான்.

“புல்லை மிதிக்காதீங்க.”

அந்த அம்மாள் நெட்டையும் குட்டையுமாக நின்ற புல்லைப் பார்த்துத் திகைத்தாள். “மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லாத்தான் இருக்கேன். பிள்ளைங்க நடந்து போறாங்க. அங்கேயே நில்லுங்க.”

அந்த வருஷக் கோப்பை வேறொருவன் வீட்டுக்குப் போயிற்று. மேவிஸ் அன்று கிளிஃபுக்குப் பொரித்த மீனும் கிழங்கும் தட்டு நிறையப் போட்டாள், இரண்டாம் தட்டும் கேட்காமலே வந்தது.

தேரை பிறந்து முட்டையிடும் பருவத்துக்கு வர நாலைந்து வருஷம் பிடிக்கும். அத்தனை வருஷமும் மார்ச் தோறும் அவள் வேலியிலிருந்து குளத்துக்கு வாளி சுமந்தாள். மூட்டுவலி வந்தது, சுமந்தாள். பழைய தேரைகள் கடைசிவரை வேலிப்பக்கமே போய்க்கொண்டிருந்தன. இவள் இல்லாவிட்டால் மறுவருஷமே அந்த வம்சம் அற்றுப்போகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

ஐந்தாவது வருஷ மார்ச்சில் ஒரு சாயங்காலம், மெல்லிய தூறல். நானும் அவளும் தெருவில் நின்றிருந்தோம். காட்டுப்பக்கமிருந்து ஒரு பெண் தேரை முதுகில் ஆளோடு தெருவுக்கு வந்தது. மேவிஸ் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். தேரை புதிய வீடுகளின் பக்கம் திரும்பவில்லை. எங்கள் கால்களுக்கு நடுவே போய், மேவிஸ் வீட்டுக் கொல்லைக் கதவின் அடிப்பலகையில் தலையை முட்டிற்று. அதன் பின்னாலேயே இன்னொன்று. அதற்கும் பின்னால் இரண்டு.

“கண்ணு, இவங்க இங்க பொறந்தவங்க,” என்றாள். “வீட்டுக்கு வந்திருக்காங்க.” பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள்: “கிளிஃப்!”

கிளிஃப் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவனே இழைத்துச் செய்த கதவு, வண்ணம் பூசி மாதம் ஆகவில்லை. உள்ளே போய் ரம்பத்தோடு வந்தான். வீட்டின் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்து, மழைத்தெருவில் வயிறு படியப் படுத்து, அடிப்பலகையை அறுக்க ஆரம்பித்தான். பின்னால் வந்த கார்களை நான் நிறுத்தினேன்.

பலகை விழுந்தது. முதல் தேரை, முதுகில் இருந்தவனோடு, அவன் தோளுக்குப் பக்கத்திலேயே உள்ளே போனது. சரளையில் அது ஊரும் சத்தம் கேட்டது. மேவிஸ் வாளியைத் தெருவோரம் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.