எர்மிந்தாவின் கலக்கிக்கு வந்த ஆட்டம்

மரவள்ளிக்கிழங்கு கழுவும் கொட்டகையில் கூலிக்குச் சேர்ந்து, ஆலையின் பரிசோதனைக்கூடம் வரை வந்தவள் எர்மிந்தா ஒவெலார். காகுவாசூ ஊரின் அந்த மாவு ஆலையில் எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவாள் என்று பேர். அந்தப் பேருக்கு வினையாக வந்தது ஒரு கலக்கி.

மாவுக்கூழைக் கலக்கும் சின்ன மோட்டார். அதன் அடியில் சக்கு எனும் பல்வைத்த பிடி, அது கவ்விய நீளமான எஃகுத் தண்டு, நுனியில் துடுப்பு. ஒரு நாள் சமர்த்தாகச் சுற்றும். மறுநாள் தண்டு வெடவெடவென்று ஆடி, கண்ணாடிக் குடுவையை இடித்து உடைக்கும். தாங்குகம்பியை இறுக்கினாள், மேசைக்காலுக்கு அட்டை செருகினாள். ம்ஹூம்.

"தண்டு வளைஞ்சிருக்கு. கழுவுறப்போ நீதான் கீழே போட்டிருப்பே," என்றாள் உடன் வேலை பார்த்த எலீஹியோவிடம்.

"ஐயோ எர்மிந்தாக்கா, பழி போட வேற ஆளே கிடைக்கலையா?" என்று அவன் குளிர்ந்த தெரெரே இலைச்சாற்றை உறிஞ்சினான்.

தண்டை மேசையில் உருட்டிப் பார்த்தாள். வளைவு இருந்தது. மேலாளரிடம் அடித்துச் சொல்லிப் புதுத்தண்டு வரவழைத்து மாட்டினாள். பழசாவது சில நாள் சும்மா இருந்தது. புதுசு எந்நேரமும் ஆடியது!

நேரானது ஆடுகிறது, கோணலானது ஒழுங்காக ஓடுகிறது. இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? கையிலிருந்த சீப்பா ரொட்டியைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் மின்விசிறி சுற்றினால்கூட, சரியாகத்தான் சுற்றுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் பழைய தண்டையே மாட்டி, தண்டிலும் சக்கிலும் பேனாவால் கோடு போட்டாள். இரண்டு கோடும் சேர்ந்திருந்தபோது மோட்டாரே குதித்தது. தண்டை அரைவட்டம் திருப்பி மாட்டினாள். அமைதி. நம்பாமல் மறுபடி திருப்பினாள். குதித்தது.

சக்கைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பல்லுக்கடியில் காய்ந்த கூழ் கல்லாக இறுகியிருந்தது. சக்கும் கோணல், தண்டும் கோணல். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் ஆட்டம். எதிரெதிரே விழுந்தால் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். நேரான புதுத்தண்டிலோ சக்கின் கோணலை அடக்க எதுவுமில்லை, அதனால் எந்நேரமும் ஆட்டம். கழுவக் கழற்றி மாட்டும்போது எந்தப் பக்கம் விழுமென்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

எலீஹியோ பின்மண்டையைச் சொறிந்தான். "அது வந்து... நான் கீழே போட்டதும் நெசந்தான்."

அவனைத் திட்டுவதா சிரிப்பதா என்று புரியாமல், கத்திமுனையால் கூழைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத்தண்டை மாட்டினாள். சத்தமில்லாமல் சுற்றியது. அவள் மோட்டார்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"நல்லாத்தானே ஓடுது?"

"அப்படித்தான்டா தெரியுது," என்றாள் எர்மிந்தா. "கொஞ்சம் பேசாம இரு, கேக்குறேன்."